பேட்டுக்கு இருபதாயிரம், மண்டைக்கு?

கோடை விடுமுறை தொடங்கப் போகிறது. ஊருக்கு ஊர் "சம்மர் கிரிக்கெட் கோச்சிங் கேம்ப்" பேனர்கள் தொங்க ஆரம்பித்து விட்டன.

அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எங்களுக்கு இது தனி சீசன்.

விரல் வீங்கி வரும் பிள்ளைகள். முழங்கை வலி, மணிக்கட்டு வலி என்று வரும் பிள்ளைகள். உதடு கிழிந்து, பல் ஆடிக்கொண்டு வரும் பிள்ளைகள். எப்போதாவது, மண்டையில் பந்து பட்டு வரும் பிள்ளைகள்.

கூட வரும் அப்பாக்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்விகள் இரண்டு.

"பேட் என்ன விலைக்கு வாங்குனீங்க?"

"ஹெல்மெட் என்ன விலைக்கு வாங்குனீங்க?"

முதல் கேள்விக்கு பதில் பெருமையாக வரும். "இங்கிலீஷ் வில்லோ சார். பதினெட்டாயிரம். கோச் சொல்லி மீரட்ல இருந்து வரவழைச்சது."

இரண்டாவது கேள்விக்கு ஒரு சின்ன மௌனம். "அது... கேம்ப்லயே காமனா ஒண்ணு கெடக்கும் சார்."

அந்த மௌனம் பற்றித்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள். பிள்ளைக்கு பேட் வாங்கக் கிளம்பிக்கொண்டிருக்கும் மச்சான், மாமா, பக்கத்து வீட்டுக்காரர் யாராவது இருந்தால் அவர்களுக்கும் அனுப்புங்கள்.

முதலிலேயே சொல்ல வந்ததைச் சொல்லி விடுகிறேன். பிள்ளையின் இப்போதைய உயரத்துக்குப் பொருந்தும், எடை குறைந்த, விலை குறைந்த பேட் வாங்குங்கள். மிச்சமாகும் காசில் நல்ல ஹெல்மெட்டும் எல் கார்டும் வாங்குங்கள். இதை மாற்றிச் சொல்பவர் கடைக்காரரோ, கோச்சோ, யூட்யூபரோ, யாராக இருந்தாலும் உங்கள் பணத்தையும் பிள்ளையின் உடம்பையும் வைத்து விளையாடுகிறார்.

நான் கோச் இல்லை. எலும்பு மருத்துவ நிபுணரும் இல்லை. எம்பிபிஎஸ் படித்து காஷுவாலிட்டியில் டூட்டி பார்க்கும் சாதாரண அரசு மருத்துவன். கவர் டிரைவ் எப்படி ஆடுவது என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு பிள்ளையின் உடம்பு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

நம்ம வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. யூனிபார்ம் தைக்கக் கொடுக்கும்போது "வளர்ற புள்ள, ரெண்டு இன்ச் விட்டுத் தைங்க" என்போம். செருப்பை ஒரு சைஸ் பெரிசாக வாங்குவோம். எங்க வீட்டிலும் அப்படித்தான். சட்டை தொளதொளவென்று இருந்தால் யாருக்கும் எதுவும் ஆகப் போவதில்லை.

அதே கணக்கை பேட்டுக்கும் போடுகிறோம் பாருங்கள், அங்கேதான் வினை.

பேட்டில் சைஸ் 1 முதல் 6 வரை உண்டு. அதற்கு மேல் ஹாரோ. அதற்கும் மேல்தான் பெரியவர்கள் ஆடும் ஷார்ட் ஹேண்டில். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறினாலும் ஏறத்தாழ கணக்கு இதுதான்: 137 முதல் 145 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு சைஸ் 4. 150 வரை சைஸ் 5. 157 வரை சைஸ் 6. அதற்கு மேல் ஹாரோ. கிட்டத்தட்ட 170-ஐத் தொடும்போதுதான் ஷார்ட் ஹேண்டில்.

பத்து வயதுப் பையன் நம் ஊரில் சராசரியாக 135, 137 செ.மீ. இருப்பான். அவனுக்கு சைஸ் 4 போதும். இன்னும் குள்ளமாக இருந்தால் சைஸ் 3. அவன் கையில் நாம் கொடுப்பது ஹாரோ. சில வீரத் தந்தையர் ஷார்ட் ஹேண்டிலே வாங்கிக் கொடுத்து விடுகிறார்கள். "கடைசி வரைக்கும் இதையே வச்சுக்கலாம்ல சார்?"

வச்சுக்கலாம். கை இருக்குமா என்பதுதான் கேள்வி.

சைஸ் 4 பேட் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள் நிற்கும். பெரியவர்கள் பேட் 1100 முதல் 1250 கிராம் வரை. "இருநூறு, முந்நூறு கிராம்தானே, ஒரு டம்ளர் தண்ணி எடைதானே" என்று தோன்றும். 

வீட்டில் சுத்தியல் இருந்தால் எடுங்கள். தலைப்பக்கம் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அப்புறம் கைப்பிடியின் நுனியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். சுத்தியல் அதேதான், எடையும் அதேதான். மணிக்கட்டு மட்டும் வேறு கதை சொல்லும்.

பேட்டும் அப்படித்தான். சைஸ் 4-க்கும் ஷார்ட் ஹேண்டிலுக்கும் நீளத்தில் மட்டும் ஒன்பது, பத்து செ.மீ. வித்தியாசம். எடை கூடுவதோடு, அந்த எடை கையை விட்டுத் தள்ளியும் போகிறது. தராசு காட்டும் எடை வேறு, பிள்ளையின் மணிக்கட்டுக்குத் தெரியும் எடை வேறு. அந்த பேட்டை ஒரு நாளைக்கு முந்நூறு தடவை தூக்கி வீச வேண்டும். கேம்ப் என்றால் காலை, மாலை இரண்டு வேளையும்.

இப்போது பிள்ளையின் எலும்புக்கு வருவோம்.

வளரும் பிள்ளையின் எலும்பு நம்முடையது போல முழு எலும்பு கிடையாது. நீளமான எலும்புகளின் முனைகளில் வளர்ச்சித் தட்டு என்று ஒன்று இருக்கிறது. குருத்தெலும்பால் ஆனது. பிள்ளை உயரமாவது அங்கேதான். அந்த இடம் சுற்றியுள்ள எலும்பை விடவும் தசைநாரை விடவும் பலவீனமானது. நமக்கு சுளுக்காகப் போகிற அதே இழுப்பு, பிள்ளைக்கு வளர்ச்சித் தட்டில் காயமாகலாம்.

முழங்கையைச் சுற்றி மட்டும் ஆறு இடங்களில் எலும்பு தனித்தனிப் புள்ளியாக உருவாகி, பதின்ம வயதில்தான் ஒன்றோடு ஒன்று சேரும். பத்து வயதுப் பிள்ளையின் முழங்கை எக்ஸ்ரேயைப் பார்த்து "ஐயோ சார், எலும்பு துண்டு துண்டா கெடக்கே" என்று பதறாத பெற்றோர் குறைவு. அது இயல்பு, பயப்பட வேண்டாம் என்று சொல்லித் தேற்றுவோம். அப்படி இன்னும் ஒட்டாத முழங்கையிடம்தான் முழு ஆள் பேட்டைக் கொடுத்து "எல்போவ மேல தூக்கி ஆடு" என்கிறோம்.

எல்லாப் பிள்ளைக்கும் காயம் வரும் என்று பயமுறுத்த மாட்டேன். பெரும்பாலும் வருவது வலிதான். ஓய்வு கொடுத்தால் போய் விடும். ஆனால் "சின்னப் பசங்களுக்கு வலி வரத்தான் செய்யும், ஸ்ப்ரே அடிச்சுட்டு ஆடு" என்று சொல்லாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் வலி, இரவில் வலி, மூட்டு வீக்கம், கையை முழுதாக நீட்ட முடியவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க முடியும்.

கனமான பேட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. பேட்டைத் தூக்க முடியாத பிள்ளை என்ன செய்யும்? கீழ்க்கையால் பலம் கொடுத்து, குறுக்கே இழுத்து வீசும். பந்து வந்த பிறகுதான் பேட் வரும். பேட் லேட்டாக வந்தால் பந்து எங்கே போகும்? விரலுக்கு, விலாவுக்கு, முகத்துக்கு. அடி வாங்கிய பிள்ளை மறுநாளிலிருந்து லெக் சைடுக்கு விலகி ஓட ஆரம்பிக்கும். "பயந்தாங்கொள்ளி" என்று கோச் திட்டுவார். அவன் பயப்படுவது பந்துக்கு. அந்த பயத்தை விலை கொடுத்து வாங்கிக் கொடுத்தது நாம்.

இந்த இடத்தில் ஒரு கமெண்ட் நிச்சயம் வரும். "சச்சினே வெயிட்டான பேட்லதான் சார் ஆடுனாரு."

ஆடினார். அந்த சச்சினுக்கே 2004-ல் டென்னிஸ் எல்போ வந்தது. 2005-ல் லண்டனில் முழங்கையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். பேட்டின் எடைதான் காரணம் என்று நான் சர்டிபிகேட் எழுதித் தர மாட்டேன். அத்தனை வருடம் அத்தனை ஆயிரம் பந்துகளை அடித்த கை அது. ஆனால் முழுதாக வளர்ந்து முடிந்த, பக்கத்திலேயே பிசியோ வைத்திருந்த ஒரு மனிதரின் கை. உங்க தம்பிக்கு வயசு பதினொன்று.

உதாரணம்தான் வேண்டும் என்றால் பிராட்மேனைச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவின் பௌரல் என்ற சின்ன ஊரில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒரு ஸ்டம்ப்பால் அடித்துப் பழகிய பையன் அவர். பேட்டே இல்லை, ஒரு குச்சி. டெஸ்ட் சராசரி 99.94. 

சரி, மரத்துக்கு வருவோம். பணம் போவதே இங்கேதான்.

இங்கிலீஷ் வில்லோ இங்கிலாந்தில் எசெக்ஸ், சஃபோக் பக்கம் வளரும் மரம். மரக்கட்டை அங்கிருந்து கப்பலேறி மீரட்டுக்கும் ஜலந்தருக்கும் வந்து பேட்டாகிறது. காஷ்மீர் வில்லோ நம் நாட்டு மரம். ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு வரும் நெடுஞ்சாலையில் அனந்த்நாக் மாவட்டத்து சங்கம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ரோட்டோரம் முழுக்க வில்லோ கட்டைகளை வீடு மாதிரி அடுக்கிக் காய வைத்திருப்பார்கள்.

இங்கிலீஷ் வில்லோ மிருதுவானது, எடை குறைவு, பந்து நன்றாகப் பறக்கும். உண்மை. நான் மறுக்கவில்லை. மாவட்ட அணிக்கு ஆடும் பதினேழு வயதுப் பையனுக்கு அது தேவைப்படலாம். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு, அவன் வயதுப் பையன் போடும் பந்தை அடிக்க, எதற்கு?

அதிலும் கிரேடு ஒன், கிரேடு டூ என்று விலையை ஏற்றுகிறார்கள் இல்லையா, அந்த கிரேடு பெரும்பாலும் கண்ணால் பார்த்துப் போடுவது. நரம்பு எத்தனை ஓடுகிறது, நேராக ஓடுகிறதா, மரம் வெள்ளையாக இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து. மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி. பந்து எவ்வளவு தூரம் போகும் என்று அடித்துப் பார்த்துப் போடுவதில்லை. மரத்தில் ஒரு பழுப்புக் கறை இருக்கிறது என்பதற்காக விலை ஆயிரக்கணக்கில் இறங்கும். பிள்ளை அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்து விடும்!

இன்னொன்று. இங்கிலீஷ் வில்லோவை வாங்கியவுடன் ஆட முடியாது. ஆளி விதை எண்ணெய் தடவி, மரச் சுத்தியலால் மணிக்கணக்கில் தட்டிப் பதப்படுத்த வேண்டும். இதைச் செய்யாமல் முதல் நாளே கார்க் பந்தில் ஆடி, ஒரே வாரத்தில் விரிசல் விட்டு, "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று புலம்பும் பெற்றோர் நிறைய. அந்த மரம் கார்க் பந்துக்கானதே கிடையாது.

காஷ்மீர் வில்லோவில் சின்ன சைஸ் பேட் சுமார் 1500 முதல் 3000 ரூபாய்க்குள் நன்றாகவே கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: காஷ்மீர் மரம் கொஞ்சம் அடர்த்தி, எடை கூடும். ஆகவே ஒரே சைஸில் கடையில் பத்து பேட் இருந்தால் பத்தையும் தூக்கிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும். தக்காளியையே பொறுக்கித்தானே எடுக்கிறோம்? அதைவிடவும் மலிவாக "பாப்புலர் வில்லோ" என்று ஒன்று விற்கிறார்கள். அது வில்லோவே இல்லை, பாப்லர் என்கிற வேறு மரம். தெருவில் டென்னிஸ் பந்தில் ஆட அது தாராளமாகப் போதும். லெதர் பந்துக்குத் தாங்காது.

பிள்ளையைக் கூட்டிப் போகாமல் பேட் வாங்காதீர்கள். பிறந்தநாள் சர்ப்ரைஸ் எல்லாம் கேக்கோடு நிற்கட்டும். ஷூ போட்டு நிற்கச் சொல்லுங்கள். பேட்டின் நுனியை கால் விரல் பக்கம் தரையில் ஊன்றி, சும்மா பேட்டிங் ஸ்டான்ஸில் நிற்க வைத்தால் கைப்பிடியின் மேல்முனை தொடையின் மேல்பகுதி, இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வர வேண்டும். வயிற்றில் இடித்தால் பெரிசு. அடுத்து, மேல்கையால் மட்டும் பேட்டைப் பிடித்து நேராகப் பின்னால் தூக்கி, நேராக முன்னால் கொண்டு வரச் சொல்லுங்கள். பத்து தடவை. பேட் கோணிக்கொண்டு போனாலோ, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தாலோ, பல்லைக் கடித்தாலோ அந்த பேட் வேண்டாம். "கொஞ்ச நாள்ல பழகிடும் சார்" என்று கடைக்காரர் சொல்வார். நன்றி சொல்லிவிட்டு அடுத்த பேட்டை எடுங்கள்.

"வருஷா வருஷம் பேட் மாத்தணுமா சார்? அது செலவில்லையா?" 

கணக்குப் போடுவோம். பருவ வயதுக்கு முன் பிள்ளைகள் வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளர்வார்கள். பருவ வயதின் வேகத்தில் 8, 9 கூட. பேட் சைஸ் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6, 7 செ.மீ. உயரத்துக்கு ஒன்று. அதாவது எந்த பேட்டும் ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றேகால் வருடம். 18,000 ரூபாய் பேட் என்றாலும் அவ்வளவுதான், 2000 ரூபாய் பேட் என்றாலும் அவ்வளவுதான். எதை மாற்றும்போது உங்களுக்கு வயிறு எரியும்?

மிச்சம் 16,000 ரூபாய். முட்டை ஒன்று ஏழு ரூபாய் என்று வைத்தால், தினம் ஒன்று வீதம் ஆறு வருடத்துக்கு மேல் வரும். பிள்ளைக்கு ஷாட்டில் பவர் இல்லை என்று கவலைப்படும் பெற்றோருக்கு என்னுடைய மருந்துச் சீட்டு அதுதான்.

சிரிப்பாகச் சொன்னாலும், எல்லோருக்கும் இது சிரிப்பான விஷயம் இல்லை. தோட்டை அடகு வைத்து பேட் வாங்கிக் கொடுத்த அம்மாவை நான் ஓபியில் பார்த்திருக்கிறேன். கட்டட வேலைக்குப் போகிறவர். "எல்லாப் பசங்களும் அந்த பேட்தான் வச்சிருக்காங்க சார், இவன் மட்டும் ஒரு ஓரமா நிக்கிறான்" என்றார். பையனுக்கு பதினொரு வயது. விரலில் முறிவு. கிளவுஸ் வாங்கக் காசு போதவில்லை.

அந்த அம்மாவை யாரும் குறை சொல்லாதீர்கள். பிள்ளையை ஓரமாக நிற்க வைத்த இடத்தைக் கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு "இன்ன பிராண்டு, இன்ன கிரேடு, இன்ன கடை" என்று லிஸ்ட் எழுதிக் கொடுக்கும் அகாடமிகளைக் கேளுங்கள். கடைக்கும் கோச்சுக்கும் நடுவே ஓடும் கமிஷனை நான் நிரூபிக்கத் தேவையில்லை. லிஸ்டில் கடையின் பெயர் எதற்கு என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டால் போதும், முகத்தில் தெரிந்துவிடும். நல்ல கோச்சுகள் ஏராளம் இருக்கிறார்கள். தன் கைக்காசில் பசங்களுக்கு கிளவுஸ் வாங்கிக் கொடுக்கும் பி.டி. சார்களை எனக்குத் தெரியும். அவர்கள் இந்தப் பதிவைப் படித்து வருத்தப்பட மாட்டார்கள்.

இப்போது ஹெல்மெட்.

1962. வெஸ்ட் இண்டீஸ் போன இந்திய அணியின் கேப்டன் நாரி கான்ட்ராக்டர். பார்படாஸில் சார்லி கிரிஃபித் போட்ட பந்து தலையில் பட்டு மண்டை ஓடு உடைந்தது. எதிரணிக் கேப்டன் ஃபிராங்க் வொரல் முன்வந்து ரத்தம் கொடுத்தார். பல அறுவை சிகிச்சைகள். உயிர் பிழைத்தார், ஆனால் அதன் பிறகு டெஸ்ட் ஆடவே இல்லை. அன்றைக்கு ஹெல்மெட் என்ற பொருளே கிரிக்கெட்டில் இல்லை.

1998. டாக்காவில் ஒரு கிளப் மேட்ச். இந்தியாவுக்கு ஆடிய ரமன் லாம்பா பேட்ஸ்மேனுக்கு மிக அருகில் ஃபீல்டிங் நின்றார். ஹெல்மெட் போடவில்லை. பந்து நெற்றிப் பக்கம் பட்டது. எழுந்து நடந்துதான் போனார். மூன்று நாளில் இறந்து விட்டார்.

2014. சிட்னி. ஃபில் ஹியூஸ். ஹெல்மெட் போட்டிருந்தார். ஹெல்மெட் மறைக்காத கழுத்துப் பகுதியில், காதுக்குப் பின்னால் பட்டது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்தது. வயது 25.

ஹியூஸ் கதையைச் சொன்னவுடன் ஒரு அறிவாளி "பாத்தீங்களா, ஹெல்மெட் போட்டும் செத்தான்ல" என்பார். சீட் பெல்ட் போட்டும் விபத்தில் இறந்தவர்கள் உண்டு, அதற்காகக் கழற்றி எறிவோமா? அந்தச் சாவுக்குப் பிறகு கிரிக்கெட் உலகம் செய்தது என்ன தெரியுமா? கழுத்துக்கும் சேர்த்து கார்டு கொண்டு வந்தது. "விவ் ரிச்சர்ட்ஸ் ஹெல்மெட்டே போடல சார்" என்பவருக்கு ஒன்று சொல்லிக் கொள்கிறேன். உங்க பையன் விவ் ரிச்சர்ட்ஸ் இல்லை. எதிரில் பந்து போடும் பையனுக்கும் லைன் லெங்த் எதுவும் கிடையாது. எங்கே பிட்ச் ஆகும் என்று போடுகிறவனுக்கே தெரியாது.

லெதர் பந்து 156 முதல் 163 கிராம். 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு என்று 133 முதல் 144 கிராம் பந்து விதிகளிலேயே இருக்கிறது. உங்கள் கேம்ப்பில் எந்தப் பந்து என்று கேட்டிருக்கிறீர்களா?

கேளுங்கள். ஏனென்றால் ஹெல்மெட்டும் அதைப் பொறுத்தது. சின்னப் பந்து அளவிலும் சின்னது. பெரியவர் ஹெல்மெட்டின் கம்பிக்கும் மேல்விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாக அது உள்ளே புகுந்து கண்ணையோ மூக்கையோ பதம் பார்க்கலாம். அதனால்தான் பி.எஸ். 7928:2013 என்ற பிரிட்டிஷ் தரச் சான்றில் பெரிய பந்துக்கும் ஜூனியர் பந்துக்கும் தனித்தனியாகச் சோதனை செய்கிறார்கள். ஹெல்மெட்டின் உள்பக்க லேபிளில் அந்த எண் இருக்கிறதா, எந்தப் பந்துக்குச் சோதிக்கப்பட்டது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கம்பி எஃகாக இருக்க வேண்டும், கையால் அழுத்தினால் வளையக் கூடாது. டேப்பால் புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி அளந்து கொண்டு கடைக்குப் போங்கள். பட்டையை மாட்டித் தலையை வேகமாக ஆட்டினால் ஹெல்மெட் நகரக் கூடாது. கண்ணை மறைத்தால் பிள்ளை கழற்றி வைத்து விடும், அவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

கேம்ப்பில் காமனாகக் கிடக்கும் அந்த ஒற்றை ஹெல்மெட்டை ஒரு நாள் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே ஸ்பாஞ்ச் இருக்காது. பட்டை அறுந்திருக்கும். யாருடைய தலைக்கும் பொருந்தாது. எண்பது பிள்ளைகளுக்கு அது ஒன்று. நெட்டில் நிற்கும் பையனுக்குக் கொடுத்து விட்டு, பக்கத்து நெட்டில் நிற்பவன் வெறுந்தலையோடு ஆடுவான். ஃபீல்டிங்கில் சில்லி பாயிண்ட்டில் நிற்கும் பிள்ளையைப் பற்றி யாருக்கும் நினைப்பே வராது.

கார்க் பந்து பற்றி ஒரு வார்த்தை. நம்ம ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் எல்லாம் கார்க் பந்துதான். விலை மலிவு, சீக்கிரம் நாராகாது. ஆனால் அது லெதர் பந்துக்குக் கொஞ்சமும் இளைத்தது இல்லை. மேட் விரித்த விக்கெட்டில் எகிறும் எகிறில் நேராக முகத்துக்கு வரும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுந்தலையோடு கார்க் பந்தில் ஆடும் அண்ணன்களைப் பார்த்துத்தான் பத்து வயதுத் தம்பிகள் கற்றுக் கொள்கிறார்கள். கார்க் பந்து என்றால் ஹெல்மெட் கட்டாயம். பேச்சே இல்லை.

டென்னிஸ் பந்து ஆடட்டும். பயமில்லாமல் ஆடட்டும். "ஏழு வயசுல லெதர் புடிக்கலைன்னா எதிர்காலமே போச்சு" என்று சேர்க்கை நடத்துபவர்கள் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். இருபது வயது வரை ஊரில் டென்னிஸ் பந்தில் ஆடியவர். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வடிவத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார்.

எல் கார்டு. இதைப் பற்றிப் பேச வீட்டில் வெட்கம், கோச்சுக்கும் வெட்கம். இருநூறு, முந்நூறு ரூபாய்ப் பொருள். விதையில் அடிபட்ட பையன் அதை அம்மாவிடம் சொல்ல மாட்டான். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நடக்க முடியாமல்தான் சொல்வான். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் எங்களுக்கு இருக்கும் நேரம் சுமார் ஆறு மணி நேரம். அதற்கு மேல் போகப் போக விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு குறைந்து கொண்டே போகும். அப்பாக்களே, இதைப் பிள்ளையிடம் நீங்கள்தான் பேச வேண்டும். "அங்க அடிபட்டா உடனே சொல்லுடா, வெட்கப்படாத" என்று ஒரு தடவை சொல்லி வையுங்கள்.

2025 நவம்பரில் நம் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற பிறகு நிறைய பாப்பாக்களும் பேட் பிடிக்கிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. அவர்களுக்கும் இதே சைஸ் கணக்குதான், இதே ஹெல்மெட்தான். அண்ணனின் பழைய பேடைக் கட்டிவிட்டு ஓட முடியாமல் தடுக்கி விழ வைக்காதீர்கள். பெண்களுக்கான கார்டும் தனியாகக் கிடைக்கிறது.

தலையில் பந்து பட்டால் என்ன செய்வது?

அன்றைய ஆட்டம் அவனுக்கு அத்தோடு முடிந்தது. "நல்லாத்தான் இருக்கேன் கோச்" என்று அவனே கெஞ்சினாலும் முடிந்தது. நெற்றிப்பொட்டு இருக்கிறதே, அங்கே எலும்பு மெலிசு. அதன் உள்பக்கமாக ஒரு ரத்தக் குழாய் ஓடுகிறது. அது கிழிந்தால் ரத்தம் மண்டை ஓட்டுக்கும் மூளையின் உறைக்கும் நடுவே தேங்கும். பிள்ளை எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சிரித்துப் பேசும். சில மணி நேரம் கழித்து மயங்கிச் சரியும். லாம்பா நடந்து போனார் என்று மேலே எழுதியதை மறக்காதீர்கள்.

அடிபட்ட நேரத்தில் நினைவு தப்பியது, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், மூக்கிலோ காதிலோ ரத்தமோ தண்ணீர் மாதிரியோ வடிவது. இதில் ஒன்று இருந்தாலும் 108. சிடி ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அது இருக்கிறது. எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள், அன்று இரவு பிள்ளையைத் தனியாகப் படுக்க வைக்காதீர்கள். தலைவலியும் தலைசுற்றலும் முழுதாகப் போய், டாக்டர் சரி என்று சொல்லும் வரை பேட் பரணில் இருக்கட்டும்.

நிலைத்த பல் முழுதாகத் தெறித்து விழுந்தால் வேர்ப்பகுதியைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, உடனே பல் டாக்டரிடம் ஓடுங்கள். திரும்ப வைத்து விட வாய்ப்பு உண்டு.

சரி, மொத்தம் எவ்வளவு ஆகும்? கடைக்குக் கடை மாறும், என் தோராயக் கணக்கு இது. 140 செ.மீ. பிள்ளைக்கு சைஸ் 4 காஷ்மீர் வில்லோ 2000. தரச் சான்று உள்ள ஜூனியர் ஹெல்மெட் 3000-ஐ ஒட்டி. எல் கார்டு 300. பேட், கிளவுஸ் என்று பாதுகாப்புச் சாமான்களில் அவன் காலுக்கும் கைக்கும் பொருந்துகிற பாய்ஸ் சைஸ் இரண்டும் சேர்த்து 2500. எட்டாயிரத்துக்குள் தலை முதல் கால் வரை முடிந்தது. அதுவும் இல்லை என்றால் ஹெல்மெட்டும் கார்டும் கிளவுஸும் வாங்குங்கள், பேட்டை நண்பனிடம் கடன் வாங்கி ஆடட்டும். பேட்டை மாற்றி மாற்றி ஆடலாம், ஒன்றும் ஆகாது.

கேம்ப் நடத்துபவர்களிடம் என் கோரிக்கை சின்னது. ஒரு பிள்ளைக்கு ஒரு ஹெல்மெட் இல்லாமல் லெதர் பந்தையோ கார்க் பந்தையோ எடுக்காதீர்கள். ஃபீஸ் வாங்குகிறீர்கள் இல்லையா, அதிலிருந்து நாலு சைஸில் ஹெல்மெட் வாங்கி வையுங்கள். பெற்றோர் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். பணம் கட்டும் முன் "ஹெல்மெட் எங்கே, காட்டுங்க" என்று கேளுங்கள். காட்டவில்லை என்றால் வீட்டுக்கு வந்து விடுங்கள்.

கடைசியாக, எப்படியும் கமெண்ட்டில் கேட்கப் போகிறீர்கள்: பழைய சாமான் வாங்கலாமா?

பேட் தாராளமாக வாங்கலாம். வளர்ந்து விட்ட பெரியப்பா மகனின் சைஸ் 4 பேட் வீட்டில் சும்மா கிடந்தால் அதைவிட நல்ல பேட் இல்லை, ஏற்கெனவே அடித்துப் பழகிய மரம். கைப்பிடி ஆடுகிறதா, அடிப்பாகத்தில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அறுபது ரூபாய்க்குப் புது கிரிப் மாட்டுங்கள். பேட், கிளவுஸ், காலுக்குக் கட்டும் பேட் எல்லாமே கை மாறலாம். ஹெல்மெட் மட்டும் வேண்டாம். ஒரு தடவை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். அது யார் தலையில் இருந்தது, எத்தனை அடி வாங்கியது என்று உங்களுக்குத் தெரியாது. அதைப் புதிதாக வாங்குங்கள். உங்கள் பிள்ளையின் ஹெல்மெட்டே பலமான அடி வாங்கினாலும் அன்றைக்கே அதைக் குப்பையில் போட்டு விட்டு வேறு வாங்குங்கள்.